டிசைனர் உடைக்கு நெல்லைச் சீமையில் எவ்வளவு கொடுக்கிறார்கள்?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். ரிசப்ஷனுக்கென்று சென்னையில் ஒரு டிசைனர் லெஹங்கா பார்த்து வைத்திருக்கிறாள், விலை 68,000 ரூபாய். "முகூர்த்தப் பட்டே அவ்வளவு இல்லியே" என்று அம்மா கோபத்தில் இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. டிசைனர் உடைக்கு நம்ம பக்கம் உண்மையில் எவ்வளவு வரை கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருநெல்வேலியில் ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் 31 வருஷம் நின்றவன். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. என் மனைவி வீட்டிலேயே ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் ரவிக்கையில் பூவேலை, எடுத்துச் செய்கிறாள், அதன் வரவு செலவை நான் பார்க்கிறேன். அதனால் விற்கிறவன் கணக்கும் செய்கிறவள் கணக்கும் ஓரளவு தெரியும்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் கண்ணால் பார்த்த பில்களை வைத்துச் சொல்வது. அன்றாடம் உடுத்தும் சுடிதாருக்கு 1,500க்கு மேல் என்றால் யோசிப்பார்கள். தீபாவளிச் சேலைக்கு இரண்டாயிரம், மூவாயிரம். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு உடுத்திப்போக எடுப்பது ஐந்திலிருந்து எட்டாயிரம். முகூர்த்தப் பட்டு என்றால் 15,000இல் தொடங்கி 40,000 வரை தயங்காமல் போகும். வசதியுள்ளவர்கள் ஒரு லட்சத்தையும் தாண்டுவார்கள். ஆரி வேலை செய்த கல்யாண ரவிக்கை 3,000 முதல் 12,000. ரிசப்ஷன் லெஹங்கா பெரும்பாலும் பத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் தங்கை பார்த்தது நம்ம பக்கத்துக்கு மிக அதிகம். ஆனால் அதிகம் என்பதாலேயே தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஒருவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வைத்து அவர் துணிக்கு எவ்வளவு கொடுப்பார் என்று கணிக்கவே முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பீடி சுற்றுகிறவர், விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும். கீழ்த்தளத்தில் தனக்கு 900 ரூபாய்க்கு ஒரு பருத்திச் சேலையை எடுத்துவிட்டு, 700க்கு ஏதாவது இருக்கிறதா என்று அரைமணி நேரம் தேடினார். அப்புறம் மேலே எங்கள் பிரிவுக்கு வந்தார். வரப்போகிற மருமகளுக்கு முகூர்த்தப் பட்டு. 32,000 ரூபாய்ச் சேலையை விரித்துக் காட்டியதும் முந்தியைத் தடவிப் பார்த்தார், "இதையே போடுங்க அண்ணாச்சி" என்றார், விலை குறையுமா என்றுகூடக் கேட்கவில்லை. சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். தனக்கென்று உடுத்துகிற கணக்கும் சபையில் வைக்கிற கணக்கும் நம்ம சனங்களுக்கு வேறு வேறு. பிசானம் அறுவடைப் பணமோ துபாய்ச் சம்பளமோ, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் போகாது. டிசைனர் உடை விற்க வருகிறவர்கள் இங்கே தடுமாறுவது இந்த இடத்தில்தான். பணக்காரர்களைத் தேடுகிறார்கள், அவர்கள் தேட வேண்டியது கல்யாண வீட்டை.

சபையில் வைக்கிற கணக்கை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு, பட்டு வேட்டி சட்டை எல்லாம் பெண் வீட்டார் எடுப்பது. ஆக, இரண்டு வீட்டாரும் சம்பந்தகாரர் பிள்ளைக்கு எடுக்கிறார்கள், சம்பந்தகாரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுக்கிறார்கள். சுரண்டையிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வேன் பிடித்து இருபது பேர் ஜவுளி எடுக்க வருவார்கள். 25,000க்குள் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வந்திருப்பார்கள். பெண்ணின் அத்தை ஒரு சேலையைப் பார்த்து, "இது கொஞ்சம் வெறுமையா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பில் 34,000க்குப் போய்விடும். பெண் பூப்பெய்திய சடங்கு வீட்டில் தாய்மாமன் சேலை எடுக்கும்போதும் இப்படித்தான். மாமன் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கடன் வாங்கி எடுத்த மாமன்மார் சிலரை எனக்குத் தெரியும். பில்லில் கையெழுத்துப் போடும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ரிசப்ஷன் லெஹங்கா இந்த ஏற்பாட்டுக்குள் வராத சாமான். அதை யார் எடுக்க வேண்டும் என்று வழக்கம் கிடையாது, என்ன விலைக்கு எடுக்கலாம் என்றும் கிடையாது. பட்டுக்கு ஊரே சேர்ந்து நாலு தலைமுறையாக ஓர் அளவு வகுத்து வைத்திருக்கிறது. லெஹங்கா நம்ம பக்கம் வந்தே பத்துப் பதினைந்து வருஷம்தான். உங்கள் அம்மாவுக்கு 68,000 என்றதும் கோபம் வந்ததற்குக் காரணம் கஞ்சத்தனமாக இருக்காது என்றே நினைக்கிறேன். அந்தத் தொகையை எதோடு வைத்துப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையிலிருந்த ஒரே அளவுகோல் முகூர்த்தப் பட்டு.

சரி, பட்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மனம் வருகிறது? வெள்ளிதான் காரணம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சேலை கிழிந்தாலும் ஜரிகை காசாகும். பழைய பட்டுச் சேலை வாங்குகிறோம் என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். என் ஆச்சி தன் கல்யாணச் சேலையை அப்படி விற்றுத்தான் என் சித்தப்பாவுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டினாள். நகைக்கு அடுத்த சேமிப்பு என்ற நினைப்பில்தான் நம்ம பெண்கள் பட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். 2025இல் வெள்ளி விலை கண்டபடி ஏறியபோது அசல் ஜரிகைச் சேலை விலையும் ஏறியது. அப்போதும் வாங்குவது நிற்கவில்லை. கரையின் அகலத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. சில்க் மார்க் சீட்டு இருக்கிறது என்று நிம்மதியாக வாங்கிவிடுகிறார்கள். மத்திய பட்டு வாரியத்தின் அந்த முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று அது சொல்லாது. செம்புக் கம்பி சுற்றிய ஜரிகையோடும் சுத்தமான பட்டுச் சேலை இருக்க முடியும். 30,000க்கு மேல் கொடுக்கும்போது ஜரிகை எந்த வகை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனி நாடாவில் (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) கோத்து நெய்த கோர்வைச் சேலையா என்றும் கேளுங்கள். கைத்தறியில் அதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும், நாளும் கூட ஆகும், அதற்கு விலை கொடுப்பது நியாயம்.

டிசைன் என்பதற்காகப் பட்டுக்கு விலை கொடுக்கும் பழக்கமும் நம்ம ஊருக்குப் புதிதல்ல. திருநெல்வேலியில் 1924இல் தொடங்கிய ஆரெம்கேவி, புதுப்புது வடிவங்களில் பட்டு நெய்வித்துத்தான் வெளியூர்களில் பெயர் வாங்கியது. சேலையைப் பார்த்ததுமே "இது அவங்க டிசைன்" என்று சொல்லும் பெண்கள் எங்கள் பிரிவுக்கு வந்து, அதே மாதிரி இருக்கிறதா என்று கேட்பார்கள். டிசைனருக்கு மரியாதை என்றால் அதுதானே.

ஆனால் இன்றைக்கு நெல்லையில் டிசைனர் உடை என்று யாராவது கேட்டால் நான் ஆரி ரவிக்கையைத்தான் காட்டுவேன். மேலப்பாளையம், பாளையங்கோட்டை, பேட்டை என்று தெருவுக்குத் தெரு வீட்டின் முன்னறையில் கட்டை போட்டு, துணியை இழுத்துக் கட்டி, பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணப் பெண் போனில் ஒரு படத்தோடு வருவாள். 2022 ஜூனில் நயன்தாரா தன் கல்யாணத்துக்கு மும்பை ஜேட் நிறுவனம் செய்த சிவப்புச் சேலையை உடுத்தினார். அந்த ஆவணி முகூர்த்தங்களுக்கே சிவப்பில் முழுக்கை வைத்து எங்கள் வீட்டில் ஏழு ரவிக்கை தைத்தோம். அச்சு அசலாக அப்படியே வேண்டும் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கையில் யானை வேண்டும், மயில் வேண்டும், முதுகில் மாப்பிள்ளை பெயர் வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி நெல்லையப்பர் கோயில் தாமிரசபையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கூரையை முதுகில் போட முடியுமா என்று கேட்டாள். என் மனைவி இரண்டு நாள் வரைந்து பார்த்து முடித்துக் கொடுத்தாள். 11,000 ரூபாய். அந்தப் பெண் பள்ளிக்கூட டீச்சர், தன் சம்பளத்திலிருந்து கொடுத்தாள்.

அந்த விலை எங்கே போகிறது என்று சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 9,000 ரூபாய் ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து அங்குலக் கை, முதுகு நிறைய வேலை. முதலில் டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் துளை போட்டு, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து வடிவத்தைத் துணியில் இறக்க வேண்டும். அப்புறம் ஒரு கை துணிக்கு அடியில் நூலைக் கொடுக்க, மேலே இருக்கும் கை கொக்கி ஊசியால் இழுத்துச் சங்கிலி போட்டுக்கொண்டே போகும். ஜர்தோசி என்கிற மெல்லிய உலோகக் கம்பிச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டி மணிபோலக் கோக்க வேண்டும். ஒரு பெண் நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நாள், மொத்தம் 60 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் என்று நாங்கள் கொடுக்கிறோம், 4,200 ஆயிற்று. கல், ஜர்தோசி, நூல் 1,800. லைனிங்கும் தையல்கூலியும் 900. மீதி 2,100இல் வரைகிறவள் உழைப்பு, கரண்டு, அளவு தப்பினால் பிரித்துத் தைக்கிற நஷ்டம், எங்கள் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். நூறு ரூபாயில் நாற்பத்தேழு ரூபாய் ஊசி பிடித்த கைக்குப் போகிறது. எங்களுக்கும் மணிக்கு நூறாவது கொடுக்க ஆசைதான். ரவிக்கை பத்தாயிரத்தைத் தாண்டினால் பெண் வீட்டார் பலர், "மெஷின் எம்ப்ராய்டரியில 2,500க்குக் கிடைக்குதே" என்று எழுந்து போய்விடுகிறார்கள். நியாயமான விலை என்று யார் என்னைக் கேட்டாலும், அந்தக் கைக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

ஆண்கள் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இரண்டாயிரம் கொடுப்பார்கள். பிராண்ட் சட்டைக்குக் கல்யாணத்தை ஒட்டி மூவாயிரம். அதில் நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. லூயி பிலிப் சட்டையைப் பிரான்ஸ் தேசத்துச் சரக்கு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. பெயர் அந்த நாட்டு அரசர் ஒருவருடையதுதான். ஆனால் அதை 1989இல் இந்தியாவில் கொண்டுவந்தது மதுரா கோட்ஸ் கம்பெனியின் ஆயத்த ஆடைப் பிரிவு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் கட்டிய பாபநாசம் பஞ்சாலையும் அந்த மதுரா கோட்ஸின் கிளைதான். அந்த ஆலையில் மூன்று ஷிஃப்ட் பார்த்தவர்களின் பேரன்மார், வெளிநாட்டுப் பெயர் என்று அந்தச் சட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். துணியும் தையலும் நன்றாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். அந்தப் பெயரின் வேர் எதுவரை ஓடுகிறது என்று தெரிந்து கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

பெயருக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் கல்கத்தா டிசைனர் சப்யசாச்சி, எச் அண்ட் எம் கடையோடு சேர்ந்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அதில் ஒரு சேலை 9,999 ரூபாய். சில நிமிஷங்களில் விற்றுத் தீர்ந்தது. ராஜஸ்தான் சாங்கனேரில் கையால் அச்சடிக்கும் துணியின் சாயலில் மெஷினில் அச்சடித்தது அது. கைவேலைக்காரர்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கைவினை அமைப்புகள் பகிரங்கமாகக் கடிதம் எழுதின. அவருடைய கைவேலை லெஹங்கா லட்சக்கணக்கில் போகும். அதில் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது, அதற்கு அந்த விலை கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மெஷினில் அச்சடித்த சேலைக்குப் பத்தாயிரம் என்றால், அதில் பெரும்பகுதி பெயருக்குத்தான் போகிறது.

நானே ஏமாந்தேன் தம்பி. என் மகள் ரிசப்ஷனுக்கு வெளியூரில் ஒரு பொட்டிக்கில் 41,000 கொடுத்து டிசைனர் சேலை எடுத்தோம். 31 வருஷ அனுபவம் இருந்தும், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே துணியைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். மண்டபத்தில் அவள் உட்கார்ந்து எழுவதற்குள் கல் உதிர ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து உள்பக்கத்தைப் பார்த்தால் அத்தனையும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி, கல் பசையில் ஒட்டியது. கடைக்காரர் போனை எடுக்கவே இல்லை. பணம் போனதைவிட, அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மகள் தோள்பட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பது தெரிகிறதே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் அந்த லெஹங்காவை உள்ளும் புறமும் திருப்பிப் பாருங்கள். கைவேலை என்றால் பின்பக்கம் முடிச்சுகள் அங்கங்கே இருக்கும், வலப்பக்கப் பூவும் இடப்பக்கப் பூவும் மயிரிழை வித்தியாசப்படும். மெஷின் என்றால் பின்பக்கம் ஒரே சீரான வெள்ளை நூல், அடியில் காகிதம்போல ஒரு தாங்கல் துணி ஒட்டியிருக்கும். முழுக்கக் கைவேலை, இத்தனை பேர் இத்தனை நாள் என்று கடைக்காரரால் சொல்ல முடிந்தால், 68,000 என்பது அநியாய விலை ஆகாது. மெஷின் வேலை என்றால் அதே சாயலில் பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கும், நெல்லை வண்ணார்பேட்டையிலேயே கிடைக்கும். வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த உடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 68,000 என்பது வரியையும் சேர்த்த விலை என்றால், அதில் பத்தாயிரத்துச் சொச்சம் வரி. சேலை துணியாக விற்பதால், எவ்வளவு விலையானாலும் வரி 5 சதவீதம்தான்.

அப்புறம், எத்தனை தடவை உடுத்துவாள் என்பதையும் பேசுங்கள். 20,000 ரூபாய்ப் பட்டை இருபது வருஷத்தில் நாற்பது தடவை உடுத்தினால், ஒரு தடவைக்கு 500 ரூபாய். லெஹங்காவை நம்ம ஊரில் இரண்டாவது தடவை உடுத்துகிற பெண்ணை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வெயிலும் கனமும் உடுத்த விடாது. ஒரு நாளைக்குத்தான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். டவுனிலும் பாளையிலும் ஐந்திலிருந்து எட்டாயிரத்துக்கு நல்ல லெஹங்காவே கிடைக்கிறது, இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பணம் தங்கையின் சொந்தச் சம்பளம் என்றால் முடிவை அவளிடமே விடுங்கள். எட்டு மணி நேரம் போனைப் பார்த்து ஆசைப்பட்டதல்ல, மாதக்கணக்காக மனதில் வைத்திருந்தது என்றால் அந்த ஆசைக்கும் ஒரு விலை உண்டு. அப்பாவின் கடன் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

என்னைக் கேட்டால் 25,000க்குள் இப்படிச் செய்வேன். உங்கள் ஊரிலிருந்து வீரவநல்லூர் கூப்பிடு தூரம். அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சேலை முழுக்கப் பூவோடு செடி நிற்கும். தறிக்காரர் வீட்டுக்கே போய் நிறம் சொல்லி எடுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சப் பணத்தை ரவிக்கையில் போட்டு, அதே செடியைக் கையிலும் முதுகிலும் ஆரியில் இறக்கச் சொல்லலாம். அந்த உடுப்பு தமிழ்நாட்டில் வேறு யாரிடமும் இருக்காது. தங்கைக்கு லெஹங்காதான் வேண்டும் என்றால், அதே சேலைத் துணியில் பாவாடை தைத்து மேலே தாவணி போடவும் முடியும்.

எதுவானாலும் தை மாதக் கல்யாணம் என்றால் ரவிக்கைத் துணியைக் கார்த்திகை பிறந்ததுமே கொடுத்துவிடுங்கள். மார்கழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள், அப்போது எடுக்கிற வேலையில் தூக்கம் கெட்ட கைதான் தையல் போடும். அளவுச்சட்டை ஆறு மாதத்துக்குள் தைத்ததாக இருக்கட்டும், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்து, பிடிப்பைப் பிரித்துவிட உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள்.